பொன் கழுவிய சேறு

மகனே எக்கோ,

சொல்வது நான், எழுதுவது வாத்தியார். திருவிழாவில் நம் ஊர்த் தலைவருக்குப் பிடிக்கும் பெரிய குடை தீப்பிடித்த வருஷம்தான் நீ பொன் கழுவ ஆற்றின் மேல்பக்கம் போனாய்.

மழைக்காலத்தில் ஆறு சிவந்து கடலில் கலந்தால் மத்தி கரைக்கு வரும் என்று வலை போடுவோம். இப்போது வருஷமெல்லாம் சிவப்பு. அதை நம்பி வலை போட்டோம், சேறுதான் ஏறியது.

"அண்ணன் கழுவுற சேத்தைத் தாண்டிப் போனாத்தாம்பா மீனு" என்று சிரித்தான் உன் தம்பி ஃபீஃபி.

"இந்தத் தோணி ஆழம் தாங்காதுடா" என்றேன். கென்கிச் சோள உருண்டைப் பொட்டலத்தோடு போனான். தோணி மட்டும் கவிழ்ந்து கரை வந்தது.

உன் அம்மா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. போன வாரம் அவளைப் புதைத்தோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "பெரியவரே, இனி உமக்குன்னு யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். சிவந்த கடலைக் காட்டி, "மூத்தவன் எக்கோ இருக்கானே" என்றேன்.

அப்பன்