அனுப்பாத ஓட்டு எண்ணிக்கை

அக்கா,

மூன்று நாளாக அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நகராண்மைக் கழக உறுப்பினராக இன்னொரு தவணை இருக்கச் சம்மதமா என்று கேட்டுக் கட்சிக் கிளையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நாளிதழால் மூடி வைக்கிறேன், பிறகு நானே எடுத்துப் பார்க்கிறேன். நேற்று சாமி படத்துக்குக் கீழே வைத்தேன், அது இன்னும் மோசம். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். பண்டமாரான் கம்பெனியில் லோரி டிரைவர்களை அதட்டிப் பழகிய அந்தக் குரலில், குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டீர்கள்: "எம்பிக்கு ஓட்டு இருக்கு, சட்டமன்றத்துக்கு ஓட்டு இருக்கு. வாசல்ல சாக்கடையா நாறுற லோங்காங்க கழுவுறவனுக்கு மட்டும் ஏன்லா நமக்கு ஓட்டு இல்ல?"

நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது நகராண்மைக் கழகத் தேர்தல். கழகத் தலைவரிலிருந்து உறுப்பினர்கள் வரை எல்லாரும் நியமனம். அதனால் என்ன, நம் தாமான் குடியிருப்பிலிருந்து யார் பெயரைக் கட்சிக்குச் சிபாரிசு செய்வது என்றாவது நாமே ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம் என்றீர்கள். வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று நான் எழுதியதை அடித்தீர்கள். "வீட்டுக்கு ஒண்ணுன்னா ஆம்பளதான் வருவான். ஆளுக்கு ஒண்ணு போடு."

பூப்பந்துத் திடலில், குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டுப் போட்டோம். முனை வீட்டுச் சீன அங்கிளும் மலாய்க்கார டீச்சரும் எண்ணினார்கள். போட்டியிட்ட மூன்று பேரில் நீங்கள்தான் முதல். இரண்டாவதாக வந்த எனக்கு உங்களுக்கு விழுந்ததில் பாதிகூட இல்லை.

சங்கச் செயலாளர் என்பதால் முடிவைக் கிளைத் தலைவருக்கு எழுத வேண்டியது நான். அதற்குள் அவரே போனில் அழைத்தார். "தங்கச்சி, மூணு பேரயும் குடு, போதும். எண்ணிக்கையெல்லாம் எதுக்கு, குழப்பம்." தட்டச்சு செய்திருந்த எண்ணிக்கையை அழித்தேன். என் பெயரை முதலில் போட்டேன். இதை அவர் சொல்லவில்லை அக்கா, நானாகத்தான் செய்தேன். நான் கிளை உறுப்பினர், நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை. நியமனக் கடிதம் யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

நியமனக் கடிதம் எனக்கு வந்த அன்று வேலைக்குப் போகிற வழியில் என் கேட்டருகே காரை நிறுத்தினீர்கள். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஓட்டு எண்ணிக்கையப் போட்டுத்தான அனுப்புன?"

"போட்டேன்க்கா."

"அப்ப சரி. லோங்காங்க மொதல்ல பாரு."

அதோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த கூட்டத்தில், ஓட்டுப் போட்டு என்ன கண்டோம் என்று சிலர் என் முகத்துக்கு நேராகவே முணுமுணுத்தபோது நீங்கள்தான் எழுந்தீர்கள். "அவ கணக்கோடதான் அனுப்புனா. மேல உள்ளவங்க பாக்கல. அவளக் கொற சொல்லாதீங்க." எனக்கு அந்த நாற்காலியிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஓடி ஓடி வேலை பார்த்தேன். நீங்கள் காலையில் அனுப்பும் சாக்கடைப் படங்களுக்கு மதியத்துக்குள் ஆள் அனுப்பினேன். எல்லாரும் பாராட்டினார்கள். பயத்தில் செய்த வேலை என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவமனையில் உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஒன்னு தெரியுமா? அன்னிக்கி நான் ஒனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். நமக்கு நாமளே போட்டுக்க வெக்கமா இருந்திச்சி." நான் எனக்கே போட்டுக்கொண்டவள். போர்வையைச் சரிசெய்தேன், கார் நிறுத்தக் காசு கட்டிய நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு நாளில் நீங்கள் இல்லை.

"செத்தவங்களுக்குத் தெரியவா போவுது? பேசாம சைன் பண்ணு," என்கிறார் வீட்டுக்காரர். உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நீங்கள் எனக்குப் போட்ட அந்த ஒரு ஓட்டைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் இப்படி நடந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் கூட்டம் கூட்டியிருக்கிறேன். வெள்ளி தாண்டிவிடும், தாண்டட்டும். முதலில் பழைய எண்ணிக்கையை வாசிப்பேன், கடிதத்தில் என்ன செய்தேன் என்று சொல்வேன். பிறகு புதிதாக ஓட்டெடுப்பு. நான் நிற்கப்போவதில்லை. என் சீட்டில் மட்டும் உங்கள் பெயரை எழுதிப் போடுவேன். செல்லாத ஓட்டு என்று அங்கிள் தனியே எடுத்து வைப்பார். வைக்கட்டும்.