நேராக்கிய கோணல்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டுக்கல் வரை. ஜெர்மனியிலிருந்து வந்த அளவுகளை வைத்து எங்கள் ஆபீஸில் வரைந்த பழைய தேவாலயப் பிளான் இன்று போயாக வேண்டும். அங்கே பங்குச் சாமியார் நம் வடமதுரைக்காரர். வேலை அவர் வழியாக வந்தது. பிளானைக் கோயில் வாசலில் மாட்டப்போகிறார்களாம்.

கோபுரச் சுவர், ஆள் படுக்கிற அகலம். பனி சறுக்கி விழச் செங்குத்துக் கூரை. பீடப் பகுதி மட்டும் கூடத்தோடு நேராகச் சேராமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அளவெடுத்தவன் சொதப்பியிருப்பான். நம்மூரில் இப்படி மூலை இழுத்த பிளானைக் கொடுத்தால், வீட்டுக்காரர் மறுநாளே வாஸ்துக்காரரோடு வந்து நிற்பார். நேராக்கிவிட்டேன்.

சபீரா, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்: "சார், போட்டோவுலயும் கோணலாத்தான் தெரியுது. ஒருக்கா கேட்டுக்கிருவோமா?"

"மூலைமட்டம் எனக்குத் தெரியும். அனுப்பு."

நவ. 5, புதன்

வெயில். குடை பஸ்ஸோடு போயிற்று.

மூன்று மணிக்கு ஃபாதர் போன். கோபமில்லை, அதுதான் கஷ்டம். பீடப் பகுதிதான் பழசாம். கூடம் தீயில் போனபின், மிஞ்சியதை இடிக்க மனசில்லாமல் புதுக் கூடத்தை அதோடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். சேர்ந்த இடத்தில் கோணல். ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவதே அதைத்தானாம்.

"அதை யாருப்பா நேராக்குனது?"

"புதுசா வந்த பொண்ணு, ஃபாதர். தெரியாமப் பண்ணிருச்சு."

வாயில் தானாக வந்தது. சபீரா அடுத்த மேசையில். தலை நிமிரவில்லை.

"சரி, அந்தப் பிள்ளைய வையாதப்பா" என்றார்.

நாற்பத்தாறு வயது எனக்கு. சீ.

நவ. 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை. அவளிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

கோணலை சபீராவே திரும்ப வரைந்துவிட்டாள். சுத்தமான வேலை. கீழே 'வரைந்தவர்' கட்டத்தில் என் பெயர் மட்டும்.

"உன் பேரு?"

"தப்புப் பண்ணவ பேரு எதுக்கு சார்?"

குரலில் குத்தல்கூட இல்லை. டீ வாங்கி வந்து வைத்தேன். அவள் தொடவில்லை.

வாங்க: குடை, தலைவலி மாத்திரை.

நவ. 8, சனி

மறுபடி தூறல். குடை வாங்கவில்லை. கட்டத்தில் அவள் பெயரைப் போட்டேன், என் பெயரை எடுத்தேன். அது போதாது. மத்தியானம் ஃபாதருக்குப் போன்.

"ஃபாதர், நேராக்குனது நான். அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டுட்டேன்."

"தெரியும்ப்பா. அனுப்பும்போதே அந்தப் பிள்ளை மெயில்ல எழுதியிருந்துச்சு. சார் நேராக்கிருக்காரு, கோணல் நெசமான்னு பாத்துச் சொல்லுங்கன்னு."

ஆக, புதன்கிழமை அவர் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டேதான் அவளும் சும்மா இருந்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொன்னது இருக்கட்டும். அதுகிட்டச் சொல்லிட்டியா?"

பொய்யை அவள் எதிரிலேயே சொன்னேன். உண்மையைச் சொல்ல மட்டும், அவள் காதில் விழாதபடி மாடியிறங்கித் தெருவுக்கு வந்திருந்தேன்.