நாற்பது நோட்டும் ஒரு டிரம்ஸ் செட்டும்

மார்ச் 3, செவ்வாய்

பின்னறைக் கதவைத் திறந்தாலே தும்மல். இவருடைய ஆசைகள் எல்லாம் அங்கேதான் படுத்திருக்கின்றன. தொலைநோக்கி: ஒரு மழைக்காலம் முழுக்க மேகத்தைப் பார்த்தது. துடுப்பு வலிக்கிற மாதிரி உட்கார்ந்து செய்யும் உடற்பயிற்சி இயந்திரம்: மூன்று வாரம். டிரம்ஸ் செட்: மூன்று மாதம், மேல்வீட்டுக்காரர் படியிறங்கி வரும்வரை. கப்பலில் சமையல்காரராக இருப்பவர் வருடத்துக்கு இரண்டு முறை வீடு வருகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆசையை வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்.

போனில் கேட்டேன், விற்கட்டுமா என்று. "வித்துடு, வித்துடு. தொலைநோக்கி மட்டும் கொஞ்சம் யோசி" என்றார். யோசித்தேன். அதையும் விற்கிறேன்.

அந்த அறை எனக்கு வேண்டும். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் கூடத்தில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்தாயிற்று. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, நிறம் பார்த்து, யார் யார் வாய்க்கோ சிரிப்பு செய்து அனுப்பினேன். இனி என் வீட்டில், என் மேசையில். பீங்கான் சுடும் சின்ன உலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் மட்டும் கட்ட வேண்டும்.

டிரம்ஸை முதலில் ஏலத் தளத்தில் போட்டேன். ஏழு படம். ஒரு வெண்கலத் தட்டில் கீறல் இருப்பதை மறைக்காமல் எழுதினேன்.

மார்ச் 6, வெள்ளி

பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வேலையில் மெழுகை உருக விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி இருமினார்.

மார்ச் 9, திங்கள்

ஏலம் முடிந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. வாங்கியவர் ஒரு இசை ஆசிரியர். குரல் மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசுகிறார். காது கேளாத குழந்தைகள் பள்ளியாம். காது கேளாத பிள்ளைகளுக்கு டிரம்ஸ் எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெற்றோர்களிடம் வசூலித்த பணம், ரொக்கமாகத்தான் தர முடியும் என்றார்.

தளத்தில் ஒரு பக்கம் அறிவுரை போட்டிருக்கிறார்கள். ரொக்கம் வாங்குவதானால் பகலில் வாங்குங்கள், முடிந்தால் வங்கியிலேயே சந்தியுங்கள், நோட்டை அங்கேயே சரிபாருங்கள், பொருளைப் பிறகு கொடுங்கள். அத்தனை பெரிய டிரம்ஸை வங்கிக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

தம்பியிடம் கேட்டேன், புதன்கிழமை கூட இருக்க முடியுமா என்று. "வேலை இருக்குக்கா, பாக்கறேன்" என்றான். அரை மணி நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். "நானே வரேன்க்கா. அந்த அறிவுரை எல்லாம் ஆளில்லாதவங்களுக்கு எழுதி வெச்சது. உனக்கு நான் இருக்கேன்ல?"

இருக்கிறான். அப்பா போனதிலிருந்து எதற்கும் அவன்தான்.

மார்ச் 11, புதன்

டிரம்ஸ் போய்விட்டது. அறையில் அது இருந்த இடம் மட்டும் வட்ட வட்டமாகச் சுத்தமாக இருக்கிறது.

ஆசிரியர் ஒல்லியானவர், சட்டைப் பையில் மூன்று பேனா. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கள் இருவர் முன்னாலும் நாற்பது பெரிய நோட்டு எண்ணி வைத்தார். எல்லாம் மொரமொரவென்று புதுசு. தம்பி அதை எடுத்துக்கொண்டான். "நான் இன்னொரு தரம் பாத்துடறேன். நீ அவருக்கு லிஃப்ட் பிடிச்சுக் கொடு."

நானும் ஆசிரியருமாக நான்கு நடையில் இறக்கினோம். தட்டுகளை அவர் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். மேலே வந்தபோது தம்பி பணத்தை உறையில் போட்டு, ஒட்டி, மேசை மேல் வைத்திருந்தான்.

"நாற்பதும் சரியா இருக்குக்கா."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவசரமாம்.

மார்ச் 13, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

வங்கியில் அந்தப் பெண் நோட்டுகளை இயந்திரத்தில் விட்டாள். அது நின்றது. மறுபடி விட்டாள். மறுபடி நின்றது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து இரண்டு அடுக்காக வைத்தாள். ஒரு அடுக்கு உயர்ந்துகொண்டே போனது.

நாற்பதில் இருபத்தாறு கள்ள நோட்டு.

மேலாளர் வந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். கள்ள நோட்டைத் திருப்பித் தர மாட்டார்களாம். பிடித்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். போலீசுக்கும் சொல்லியாக வேண்டுமாம். நல்ல பதினான்கை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். 

பல்லின் நிறத்தில் பதினாறு சாயல் பிரித்துச் சொல்லுவேன் நான். உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே. தம்பி பார்த்தானே, அவனுக்கும் தெரியவில்லையா? பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

மார்ச் 14, சனி

ஆசிரியருக்குப் போன் செய்தேன். "மேடம், அன்னிக்குக் காலையிலதான் வங்கியில எடுத்தேன். சீட்டு இருக்கு" என்றார், அதே மெதுவான குரலில். அந்த நிதானம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் போனை வைக்கவே இல்லை. முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி, "விடுக்கா, போனது போகட்டும். போலீஸ் கீலீஸ்னு அலையாத" என்றான். எப்படி விடுவது? நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். தளத்திலும் எழுதினேன், பள்ளியின் பெயரோடு. 'இவரிடம் எச்சரிக்கை.'

எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆறியது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஸ்டேஷனில் மீதிப் பதினான்கு நோட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

அந்த அதிகாரி தலையைத் தூக்காமலே பேசினார். ஆசிரியர் வங்கிச் சீட்டோடு வந்தாராம். வங்கியிலும் விசாரித்தாயிற்று. அன்று அவருக்குக் கொடுத்தது ஒரே கட்டிலிருந்து எடுத்த புது நோட்டு, எண்கள் வரிசையாக. என்னுடைய நல்ல பதினான்கும் அதே வரிசையில் இருக்கின்றன. கள்ள நோட்டு இருபத்தாறும் வேறு, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப இரண்டே எண்தான்.

"அவர் கொடுத்தது நல்ல பணம்மா. அதுக்கப்புறம்தான் மாறியிருக்கு. உங்க வீட்ல யார் கை பட்டுச்சு?"

"நான் மட்டும்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சு வந்து சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸில் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவனாக இருக்காது. இருக்கவே இருக்காது. அப்புறம் எதற்கு நான் பொய் சொன்னேன்?

மார்ச் 20, வெள்ளி

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் இன்னும் வரவில்லை. அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள், "பைக்கை வித்த காசை இத்தனை நாளா கையிலயே வெச்சிருந்தார் அண்ணி. போன வாரம்தான் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டினார். கடைசித் தேதி தாண்டிடுமோன்னு எனக்கு ஒரே பயம்."

பைக்கை விற்றதே எனக்குத் தெரியாது.

படியில் ஏறி வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான்.  மாடிப்படித் திருப்பத்திலேயே கேட்டேன்.

"பைக்குக்கு வந்த பணம் எப்படி இருந்துச்சு?"

படியிலேயே உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான். அதே தளத்தில்தான் விற்றானாம். இருட்டுகிற நேரம், ஒரு கடை வாசலில், தன் வண்டியின் எஞ்சினைக்கூட நிறுத்தாமல், ஒருத்தன் பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் மளிகைக் கடையில் ஒரு நோட்டை வாங்க மறுத்தபோதுதான் தெரிந்ததாம்.

"வீட்ல சொன்னா அவ தாங்க மாட்டாக்கா. ஃபீஸ் கட்டணும். எனக்கு வேற வழி தெரியலை."

"அதனால என் தலையில கட்டிட்ட."

"உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அந்த வாத்தியார்தான் கொடுத்தார்னு சொல்லி... நீ தளத்துக்காரங்ககிட்ட திரும்ப வாங்கிடுவேன்னு..."

"என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

கேட்க வெட்கம். எடுக்க வெட்கமில்லை.

அன்றைக்கு 'நானே வரேன்க்கா' என்று அவனாகக் கூப்பிட்டானே, அப்போதே முடிவு செய்துவிட்டான். இருபத்தாறு நோட்டையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். 'உனக்கு நான் இருக்கேன்ல.' ஐயோ, எவ்வளவு வாய் கூசாம சொன்னான்! நானும் காபி குடிச்சிட்டுப் போடான்னு கெஞ்சினேனே!

மார்ச் 21, சனி

ஒரு கடைவாய்ப்பல்லை மூன்று முறை செதுக்கினேன். மூன்றும் குப்பைக்கு.

மார்ச் 22, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, அதனால் பேச முடிந்தது. "குடும்பத்துக்குள்ள முடிச்சுக்கோ. புகாரை வாபஸ் வாங்கிடு. ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லு, அவ்வளவுதான்" என்றார்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பள்ளிக்குப் போனேன். ஒரு கூடத்தில் நம் டிரம்ஸ். பெரிய டிரம்மின் உடம்பில் ஐந்தாறு பிள்ளைகள் கன்னத்தையும் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடிப்பது வேறொரு ஆசிரியை, தாளம் தப்பித் தப்பி. ஒரு பெண் குழந்தை அந்த அதிர்வுக்குக் கண்ணை மூடிச் சிரிக்கிறது. டிரம்ஸ் எதற்கு என்று நினைத்தேனே.

ஆசிரியரை வகுப்புக்குப் போகவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் பள்ளிக்கே வந்து விசாரித்ததாம். நான் எழுதியதை ஒரு பெற்றோர் படித்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அலுவலக அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அது அப்புறம் மேடம். முதல்ல எழுதிக் கொடுங்க. வாயால சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க எழுதினதைத்தானே நம்பினாங்க."

"ஏதோ தவறு நடந்துடுச்சுன்னு எழுதித் தரேன்."

"அப்படி எழுதினா நான் தப்பிச்சிட்டேன்னுதான் பேசுவாங்க. நான் செய்யலைன்னு ஆகாது."

யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

போலீசுக்குப் போவதற்கு முன்னாலேயே செய்யக்கூடியது ஒன்று இருந்தது. வந்ததும் தளத்தில் எழுதியதை எடுத்துவிட்டு, என் பெயரில் மன்னிப்பு எழுதினேன்.

மார்ச் 25, புதன்

தம்பியிடம் போனில் சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே போய்ச் சொல்லு. பைக் வித்ததுலேருந்து சொல்லு. உன்னை ஏமாத்தினவனும் மாட்டுவான்."

"சொந்தத் தம்பியையே போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுப்பியா?"

"நீயே போன்னுதான் சொல்றேன்."

வைத்துவிட்டான்.

மார்ச் 27, வெள்ளி

அவன் போகவில்லை. அவன் மனைவிதான் கூப்பிட்டாள். பாவம், எல்லாம் இப்போதுதான் தெரியுமாம். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "பணம்தானே அண்ணி, நகையை வெச்சாவது கொடுத்துடறேன்." பணம்தானா? பணமாக இருந்தால் கேட்டவுடன் கொடுத்திருப்பேனே. இதை அவளிடம் எப்படி விளக்குவது?

நான்கு மணிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். 'பணத்தை எடுத்து எண்ணியவர்' என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அவன் பெயருக்கு முன்னால், பள்ளி விண்ணப்பத்தில் எழுதுவதுபோல, அப்பாவின் முதலெழுத்தையும் போட்டேன். எனக்கும் அதே எழுத்துதான்.

போன தடவை பொய் சொன்னேன் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி திட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 4, சனி

தம்பியை இரண்டு நாள் கூப்பிட்டு விசாரித்து அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு நடக்கும். பைக்கை வாங்கினவனைத் தேடுகிறார்களாம். ஆசிரியர் மறுபடி வகுப்புக்குப் போகிறார். அதைப் பள்ளி அலுவலகத்துப் பெண் சொல்லித்தான் தெரியும், அவர் சொல்லவில்லை. நான் அனுப்பிய செய்திக்கு 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு சொல்.

அவ்வளவுதான் எனக்கு உரியது.

ஏப்ரல் 11, சனி

தொலைநோக்கி விற்றது. வாங்கியவரை வங்கிக்கே வரச் சொன்னேன். கவுண்டரில் அவர் கொடுக்க, இயந்திரம் எண்ண, கணக்கில் ஏறியபின் பெட்டியைக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இவ்வளவு சுலபம்.

ஏப்ரல் 20, திங்கள்

பின்னறையைப் பல் செய்யும் கூடமாக நடத்த அனுமதி வாங்கப் போனேன். உலை வைப்பதால் தீ விபத்துக் காப்பீடும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். நீளமான விண்ணப்பம். பெயர், முகவரி, என்ன வேலை, எத்தனை வருட அனுபவம், எல்லாம் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தேன்.

'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்.'

பேனா நின்றுவிட்டது. இவர் நடுக்கடலில், எந்த எண்ணுக்கும் எட்ட மாட்டார். கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் திருப்பித் தந்தாள்.

"இது கட்டாயம்மா. யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தம்பி எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு எந்த எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை.