மிரெயாவை யார் இடுப்பில் ஏற்றுவது

ஜனவரி 29

ஆமை பார்க்க இன்று இரண்டு படகு. முதல் படகில் ஒரு தடியர். நான் அவருக்கு லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, பாறை மேலே நிற்கும் இடிந்த கோயிலைக் காட்டிக் கேட்டார்: "இந்த மாயருங்க எல்லாம் எங்க மறைஞ்சு போனாங்க?" ஒரு மாயச்சி முட்டி போட்டு அவர் தொப்பைக்குக் கீழே வார் மாட்டுகிறாள், அவருக்கு மாயர்கள் மறைந்துவிட்டார்களாம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். வேறென்ன பேச?

தண்ணீரில் இறங்கியதும் நேரே பவளப்பாறை மேல் ஏறி நின்றார். நிற்காதீர்கள் என்று படகிலேயே தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். காலில் கீறல் பட்டதற்கு என்னை முறைக்கிறார்! ஆமை வந்தது. ஆமையைப் பார்க்கவில்லை, ஆமைக்கு முதுகைக் காட்டித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். சீ.

கரைக்கு வந்தால் எலிஹியோ நிற்கிறான். என் கூடப்பிறந்த தம்பி. தலையில் இறகுக் கிரீடம், முகமெல்லாம் சிவப்புச் சாயம். படகு ஏறுகிறவர்களுக்குச் சாம்பிராணி காட்டி, கடலிடம் அனுமதி வாங்கித் தருகிறானாம். ஒழுங்காக மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். முதலாளி லெயாந்த்ரோ வடக்கே மொந்தெர்ரேயிலிருந்து வந்தவன், எங்கள் மாயா மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அவன் எங்களுக்கு எங்கள் சடங்கைச் சொல்லிக்கொடுக்கிறான். இவனும் தலையாட்டுகிறான், சேவல் மாதிரி.

பிப்ரவரி 2

காந்தெலாரியா திருநாள். வழக்கம்போலச் சோளமாவை இலையில் கட்டித் தமால் அவித்தேன். எலிஹியோ வந்தான், தின்றான், அப்புறம் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, மிரெயாவுக்கு ஹெட்ஸ்மெக் மார்ச் இருபத்தொண்ணுல வச்சிருக்கு."

"யாரு வச்சது?"

"சார்தான். அன்னிக்குப் பகலும் ராத்திரியும் சமமாகுற நாளாச்சே, கூட்டம் அள்ளும். கடற்கரையிலயே, கோயிலுக்குக் கீழ."

"பிள்ளைய யாரு இடுப்புல ஏத்துறது?"

தமால் இலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். கன்சாஸிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருகிறாளாம். லெயாந்த்ரோவிடம் முன்பதிவு செய்துவிட்டாளாம். முன்பதிவு! என் தம்பி மகளின் ஹெட்ஸ்மெக்குக்கு!

இடுப்பில் ஏற்றும் அந்தச் சடங்கு முடிகிறவரைக்கும் பிள்ளையைக் கையில் படுக்கவைத்துத்தான் தூக்க வேண்டும். முதன்முதலாகக் காலை அகட்டி இடது இடுப்பில் உட்காரவைக்கிறவள்தான் ஞானத்தாய். ஒரு பிள்ளைக்கு ஆயுசில் ஒரே தடவை. "நீதான் ஏத்தணும் அக்கா" என்று மிரெயா வயிற்றில் இருக்கும்போதே சொன்னவன் இதே எலிஹியோ.

அதிலும் பெண்பிள்ளைக்கு மூன்றாம் மாதம். அடுப்புக்கு மூன்று கல். ஆணுக்கு நான்காம் மாதம். சோளக்காட்டுக்கு நான்கு மூலை. எங்கள் ஊர்க் கோழிக்குஞ்சைக் கேட்டாலும் சொல்லும். மார்ச் இருபத்தொன்றில் இவளுக்கு நாலு முடிந்திருக்கும். கேட்டால், "டூரிஸ்டுக்கு மூணும் நாலும் ஒண்ணுதான்னு சார் சொல்றாரு" என்கிறான். சார் சொல்கிறாராம்!

எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தங்கவில்லை, பிறகு புருஷனும் தங்கவில்லை. அவன் போனதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மிரெயாவை ஏற்ற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆசைதான், என்ன செய்ய.

பிப்ரவரி 3

அவனுக்குத் தமால் கொடுத்தது தண்டம்.

பிப்ரவரி 9

வடகாற்று. துறையை மூடிவிட்டார்கள், படகெல்லாம் கரையில். சும்மா இருக்க முடியாமல் லெயாந்த்ரோவிடம் போனேன். விசிறிக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நசாரியா, உங்க பண்பாட்ட நான்தான் உலகத்துக்கே காட்டுறேன். நீ சந்தோஷப்படணும்."

"பொண்ணுக்கு மூணாம் மாசம் சார்."

"ஒரு மாசம் முன்ன பின்ன ஆனா என்ன? பிள்ளை என்ன வழக்கா போடப்போகுது?"

வாய்க்கு வந்ததையெல்லாம் மாயாவில் திட்டினேன். அவன் அம்மாவையும் விடவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "எவ்வளவு அழகான மொழி!" என்றான்.

பிப்ரவரி 13

எலிஹியோ வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "இறகைக் கழட்டுனா வேலை போயிடும் அக்கா, வலையும் இல்ல, படகும் இல்ல, நான் என்ன பண்ண?" என்று கத்தினான். அவன் பெண்டாட்டி ரொசேந்தா மெரிதா நகரத்துப் பெண். மூலையில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பெற்றவள் நீயாவது சொல்லேன் என்றால், "அவரு சொன்னா சரிதான் அண்ணி." நகத்தை ஊதுகிறாள்!

களிமண். புருஷன் சேவல், பெண்டாட்டி களிமண். இந்த வீட்டில் போய்ப் பிறந்ததே அந்தக் குழந்தை.

பிப்ரவரி 17

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் சமையல்கட்டில் இருந்தேன். வாசலில் சைக்கிள் வண்டி நின்றது. ரொசேந்தா. சால்வையில் மிரெயா. பையிலிருந்து அவித்த முட்டை, பூசணி விதை, வறுத்த சோளமாவு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இன்னையோட மூணு மாசம் அண்ணி. ஏத்துங்க."

"எலிஹியோவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. அவருக்குத் தெரிஞ்சா மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். சாருக்கு விஷயம் போயிடும், வேலையும் போயிடும்."

"அப்ப மார்ச்சுல?"

"மார்ச்சுல அந்தம்மா தூக்கிட்டுச் சுத்தட்டுமே. ஆனது ஆனதுதானே அண்ணி? ரெண்டாவது தடவை என்ன இருக்கு, சும்மா பிள்ளை தூக்குறதுதான்."

களிமண்ணாம்! என் மண்டையில்தான் களிமண்.

ஏற்றினேன். மேஜையை ஒன்பது சுற்று. முட்டையையும் மாவையும் உதட்டில் தொட்டுவைத்தோம். பென்சில், கத்தரிக்கோல், ஊசி எல்லாம் கையில் கொடுத்து வாங்கினேன். ஆசையாக என் நீச்சல் கண்ணாடியையும் எடுத்தேன். ரொசேந்தா கையைத் தட்டிவிட்டாள். "அது வேணாம். டூரிஸ்டு தொப்பைக்கு வார் மாட்டவா இவளப் பெத்தேன்?" சிரித்து, சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். மிரெயா மட்டும் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஜோராக உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 18

இடுப்பு வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 21

கூட்டமோ கூட்டம். கடற்பாசி கரையொதுங்கி நாறுகிறது, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து நாற்காலி போட்டிருந்தான் லெயாந்த்ரோ. கன்சாஸ்காரி எங்கள் பூவேலைச் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். மிரெயாவை வாங்கியவள் வலது இடுப்பில் வைத்தாள். பிள்ளை நழுவ, இரண்டு கையாலும் தர்பூசணி மாதிரி கட்டிக்கொண்டாள். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

எலிஹியோ எல்லா நாளும் சொல்கிற மந்திரம் மாயாவில் மீன் பெயர்கள்தான். கடைசியில் கடைச் சாமான். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். நானும் ரொசேந்தாவும் இன்று அதற்குத்தான் காத்திருந்தோம். அவன் மீன் பெயர் எதையும் எடுக்கவில்லை. பிறகு மெதுவாக நிஜமான வார்த்தைகளையே சொல்லத் தொடங்கினான், இவள் கண் திறக்கட்டும், காது திறக்கட்டும் என்று. பாதியில் குரல் உடைந்துவிட்டது. சாயம் கண்ணீரோடு கன்னத்தில் வழிகிறது. மகளுக்குரிய ஒரே தடவையை விற்றுவிட்டோம் என்று நினைத்து அழுகிறான், பாவி. லெயாந்த்ரோ பின்னாலிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று கை காட்டுகிறான்.

எத்தனை நாளாக இவனை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்திருப்பேன். இன்று முடியவில்லை.

ரொசேந்தாவைப் பார்த்தேன். தலையசைத்தாள். சாம்பிராணிச் சட்டியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். மாயாவில், பூசையில் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னேன்:

"அழாதடா மடையா! மூணாம் மாசமே என் அடுக்களையில நான் ஏத்தியாச்சு! உன் பொண்டாட்டிதான் கொண்டாந்தா! இந்தப் பொம்பளைக்கு மீன் பேரச் சொல்லு!"

என்னைப் பார்த்தான். ரொசேந்தாவைப் பார்த்தான். ஒரு மூச்சு இழுத்தான். அப்புறம் கடலே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல்:

"சங்கரா! களவா! சீலா! உப்பு! வெங்காயம்! எலுமிச்சை!"

கன்சாஸ்காரி தேம்பித் தேம்பி அழுதாள். எல்லோரையும்விட சத்தமாகக் கைதட்டியது நான்தான்.

முடிந்ததும் லெயாந்த்ரோ ஓடி வந்தான். "நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மந்திரம் சொன்னது பிரமாதம்! இனிமே தினமும் வச்சுக்கலாம்." மாயாவில் ஒரு பதில் சொன்னேன். நெஞ்சில் கை வைத்து வணங்கினான்.

மார்ச் 22

காலையிலேயே எலிஹியோ வந்தான், மகளைத் தூக்கிக்கொண்டு. இறகு இல்லை. முகத்தில் நேற்றைய சாயம் அப்படியே அப்பிக்கிடந்தது, தூங்கியிருக்க மாட்டான்.

"எந்தப் பக்கம் ஏத்துன?"

"இடது."

"ஒம்பது சுத்தா?"

"பின்ன?"

"ஆமைப் படகுல உன் கூட வரட்டுமா அக்கா? சார்கிட்ட சொல்லிட்டேன், இனிமே கிரீடம் வேற யாருக்காவது மாட்டுங்கன்னு. கத்துனான்."

"முதல்ல போயி மூஞ்சியக் கழுவு. ஆமை பயந்துடும்."

முற்றத்துத் தொட்டிப் பக்கம் போனவன் திரும்பி வந்து, மிரெயாவை என்னிடம் கொடுத்தான். படுக்கவைத்துக் கொடுக்கவில்லை.