பாஸ்போட் வந்த வீடு

அனுப்புநர்:
ரெங்கசாமி கலாராணி,
பட்டதாரி ஆசிரியை (புவியியல்),
பதுளை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
பதுளை.

விடயம்: மடுல்சீமை, நீலக்கல்மலைத் தோட்ட அலுவலகத்தில் வைத்துக்கொள்ளப்பட்டுள்ள என் தாயாரின் கடவுச்சீட்டை, எதிர்வரும் திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு (தொழிலாளரை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கூட்டத்துக்கு) முன் திருப்பிக் கொடுக்கச் செய்யுமாறு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதுளை நகரப் பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பிக்கிறேன். என் தாயார் பாக்கியலெட்சுமி, வயது அறுபத்தொன்பது, நீலக்கல்மலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். திருமணமாகி வந்த நாளிலிருந்து, லயம் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பில், ஒரே அறையில் வசிக்கிறார். என் தகப்பனார் காலமாகிவிட்டார். என் தம்பி விஜேந்திரனும் அவன் மனைவியும் அம்மாவுடன் அதே அறையில் இருக்கிறார்கள். தம்பிக்குப் பசறையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில் அவனுக்குப் பெயர் இல்லை. இந்த ஒரு விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

2. என் தங்கை சுபாஜினி குவைத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தபோது, உடன் வேலை செய்த தில் பகதூர் என்ற நேபாள நாட்டவரை மணந்துகொண்டாள். இப்போது இருவரும் நேபாளத்தில் பொக்காரா நகருக்கு வெளியே வசிக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, முப்பத்தெட்டு வயதில், அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அவளை விமானத்தில் ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவளுக்கு மாமியார் இல்லை. கணவர் நல்லவர், ஆனால் பிள்ளைப்பேற்றின்போது பக்கத்தில் இருக்கப் பெண்துணை என்று அங்கே ஒருவரும் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பது எங்கள் வழக்கம். மகள் வர முடியாது என்பதால் தாய் போவது என்று முடிவானது. அம்மா அதை யோசித்துச் சொல்லவில்லை. தொலைபேசியில் செய்தியைக் கேட்டதும், "அப்ப நான் வாறேன்" என்றுதான் சொன்னார். வழியில் கடல் இருக்கிறதா என்பதைக்கூட பிறகுதான் கேட்டார்.

3. பயணத்தைத் திட்டமிடும் வேலை எனக்கு வந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக இமயமலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டி வந்திருக்கிறேன். இந்த நாட்டை விட்டு ஒருமுறையும் வெளியே போனதில்லை. கொழும்பிலிருந்து காத்மண்டுவுக்கு நேர் விமானம் உண்டு. நான்கு மணித்தியாலம் ஆகாது. மடுல்சீமையிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். அம்மாவுக்குப் பசறை வளைவுகளிலேயே தலை சுற்றும் என்பதால், எந்த பஸ், எந்தப் பக்கத்து இருக்கை, எங்கே இறங்கி இளைப்பாறுவது என்று மாற்றி மாற்றி யோசித்தேன். அங்கே குளிர் எவ்வளவு என்று ஒரு நாளில் பல தடவை கைப்பேசியில் பார்த்தேன். பார்ப்பதால் அது குறையாது என்று தெரிந்தும் பார்த்தேன். பேறுகாலச் சரக்குத் தூளை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டு மூன்று இடங்களில் மூன்று பதில் பெற்றேன். அம்மாவுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. "நேபாளம் மடுல்சீமைக்கு மேலயா கீழயா?" என்று கேட்டார். மிகவும் மேலே என்றேன். "அப்ப அங்கயும் தேயிலைதானா? அங்கயும் துரை இருக்காரா?" என்றார்.

4. கடவுச்சீட்டுக்குத் திகதி கிடைக்க மாதங்கள் ஆயின. அம்மாவும் நானும் நேரில் போய்க் கையிலேயே பெற்று வந்தோம். எனக்கு வெளிநாட்டு விடுமுறை அனுமதிக்கப்பட்டுள்ளது. எதிர்வரும் வியாழக்கிழமை, 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, புறப்படுவதற்கும், இரண்டு வாரங்களில் திரும்பி வருவதற்கும் இருவர் பெயரிலும் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அம்மாவின் கடவுச்சீட்டை நான் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். "ஒரு ரெண்டு நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும் பெரியபுள்ள" என்று வாங்கிக்கொண்டார். லயத்தில் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

5. அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல், நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு அம்மா தோட்ட அலுவலகத்துக்குப் போய், பெரிய கிளாக்கர் திரு. பாக்கியநாதனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறார். "பதினஞ்சு நாள்ல வந்துருவேங்க ஐயா, தொரகிட்ட சொல்லிருங்க" என்றிருக்கிறார். கிளாக்கர், "சரி, வச்சிட்டுப் போ பாக்கியம், தொர பாக்கணும்" என்று வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

6. இதைப் படிக்கும் தங்களுக்கு, வயதான ஒரு பெண் ஏன் தன் கடவுச்சீட்டைத் தானாகக் கொண்டுபோய் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் ஒப்படைத்தார் என்பது விளங்காமல் போகலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளங்கும். எழுபதுகளில் எங்கள் மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலத்தில், எந்தக் குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு வந்ததோ அந்தக் குடும்பம் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகும். அங்கே பெயரை வெட்டுவார்கள், கணக்கை முடிப்பார்கள், அறையின் சாவியை வாங்கிக்கொள்வார்கள். பிறகு ரயிலும் தலைமன்னார்க் கப்பலும். லயத்தில் அதைப் 'பாஸ்போட் வந்த வீடு' என்பார்கள். அந்த வீட்டு வாசலில் நின்று எல்லோரும் அழுவார்கள். அம்மாவின் தாய்மாமன் குடும்பம் அப்படிப் போனதுதான், திரும்பி வரவில்லை. அம்மா அறிந்த வரையில் கடவுச்சீட்டு என்பது அலுவலகத்துக்குக் காட்ட வேண்டிய பொருள். அதைக் காட்டாமல் போனால் என்ன நடக்கும் என்பதுதான் அவருடைய பயம். நான் கோபப்பட்டபோது அவர் சொன்னது: "சொல்லாமப் போனா, ஓடிப்போயிட்டான்னு பேர வெட்டிருவாங்க. சொல்லிட்டுப் போனா, திரும்பி வருவேன்னு தெரியுமில்ல?" அறையைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் அலுவலகத்துக்குப் போனார்.

7. நான் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்த் திரு. பாக்கியநாதனைச் சந்தித்தேன். அவர் பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன். அலுவலக மொழிக்கு மாற்றினால் அது வேறு பேச்சாகிவிடும். "டீச்சர், படிச்சவங்க நீங்க, ஒங்களுக்குத் தெரியாததா? பாஸ்போட்டக் கொண்டாந்து ஆபிசுல குடுத்தா என்ன அர்த்தம்? கணக்க முடிங்கன்னுதானே அர்த்தம்" என்றார். அது இந்தியாவுக்குப் போனவர்கள் காலம், இது நேபாளம், அதுவும் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பயணம் என்றேன். "இந்தியாவோ நேபாளமோ, ரெண்டும் வெளிநாடுதானே" என்றார். திரும்பி வரும் பயணச்சீட்டைக் காட்டினேன். அதைக் கையில் வாங்காமலே, "டிக்கட் யாரும் எடுக்கலாம். ப்ளேன்ல போற ஆளுக்கு லயத்துல ரூம் எதுக்கு? பூட்டுத் தொங்கவா?" என்று சிரித்தார். பூட்டுத் தொங்காது, தம்பி குடும்பம் இருக்கிறது என்றேன். "தம்பிக்குத்தான் பேரே இல்லையே டீச்சர்" என்றார். நியாயமாகச் சொல்வதானால், அவர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. தேநீர்கூட வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

8. பின்னர், அம்மா துரை என்று சொல்லும் தோட்ட அத்தியட்சகர் என்னை உள்ளே அழைத்து ஒரு தாளைக் காட்டினார். 'நான் வெளிநாடு செல்வதால் என் சுய விருப்பத்தின் பேரில் அறையைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கிறேன்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்திட்டால் அன்றே கடவுச்சீட்டைத் தருவதாகச் சொன்னார். கையெழுத்திடாவிட்டால் என்று கேட்டேன். "பத்திரமாக இங்கே இருக்கும்" என்றார். தோட்டத்தில் வேலை செய்யாதவர்களிடமிருந்து அறைகளைத் திரும்ப எடுக்க நிர்வாகம் இரண்டு வருடங்களாக முயல்கிறது. தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியும், கடிதம் கொடுத்தும் நடக்காத ஒன்று, அம்மாவின் நாணயத்தால் இப்போது அவர்கள் கைக்கு எட்டியிருக்கிறது.

9. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். முறைப்பாட்டை எழுத ஆயத்தமான உத்தியோகத்தர், யாராவது பறித்துக்கொண்டார்களா என்று முறைப்படி கேட்டார். "இல்லீங்க ஐயா, அவுங்க மேல ஒரு குத்தமும் இல்ல, நாந்தானே குடுத்தேன்" என்றார் அம்மா. உத்தியோகத்தர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டேன். வழக்கில் வெல்லலாம், தீர்ப்பு வரும் காலத்தில் பிள்ளை பாடசாலைக்குப் போய்க்கொண்டிருக்கும் என்றார்.

10. இடையில் சுபாஜினி தினமும் அழைக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது. திகதிக்கு முன்பே பிள்ளையை எடுக்க நேரலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்களாம். அவளிடம் கடவுச்சீட்டு விடயத்தை நாங்கள் சொல்லவில்லை. "அம்மாவுக்குச் சுவெட்டர் வாங்கிட்டியாக்கா? ரெண்டா வாங்கு, ஒண்ணு நனைஞ்சா காயாது" என்று நேற்றும் சொன்னாள். இரண்டு வாங்கியிருக்கிறேன்.

11. நேற்று அம்மா தன் முடிவைச் சொன்னார். திங்கட்கிழமை காலைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அந்தத் தாளில் கையெழுத்திடப் போகிறார். "கையெழுத்துதானே புள்ள. போட்டுட்டுப் போயிருவோம். புள்ளையப் பாத்துட்டு வந்து தொரகிட்டப் பேசிக்கலாம்" என்றார். வந்து பேச இடம் இருக்காது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ அங்க தனியாக் கெடந்து கத்துவாளே" என்று மட்டும் சொன்னார். தம்பி, "போட்டுருங்கம்மா, நாங்க எங்கயாவது பாத்துக்கிறோம்" என்றான். அவன் மனைவி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். கடந்த மழையில் மண் சரிந்த பிறகு பசறைப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

12. அம்மாவைத் தடுத்தால் என் தங்கை துணையின்றிப் பிள்ளை பெறுவாள். தடுக்காவிட்டால் என் தம்பிக்குக் கூரை இல்லாமல் போகும். இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு ஒரு தேயிலைத் தோட்டம் என் குடும்பத்தைக் கேட்பதை நான் ஏற்கவில்லை. கடவுச்சீட்டு அரசாங்கம் வழங்கிய ஆவணம். அதை அடகுப் பொருளாக வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்க எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. அறை பற்றிய பிணக்கை நிர்வாகம் தம்பியுடன் உரிய இடத்தில் பேசிக்கொள்ளட்டும். அதற்கு நாங்கள் வருவோம்.

13. மனு எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. பிள்ளைகளுக்குக் கடிதப் பயிற்சி கொடுக்கும்போதும் அதை மறைத்ததில்லை. எனினும் நான் விசாரணைக் குழுவையோ நட்டஈட்டையோ கேட்கவில்லை. எவரையும் தண்டிக்கவும் கோரவில்லை. தாங்கள் அல்லது தாங்கள் பணிக்கும் ஓர் உத்தியோகத்தர், நீலக்கல்மலைத் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, கடவுச்சீட்டை எந்த நிபந்தனையும் இன்றி உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் போதும். அலுமாரியின் சாவி திரு. பாக்கியநாதனிடம் இருக்கிறது. அவர் இன்று கடமையில் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டே வந்தேன். தம்பி இன்று கடைக்குப் போகவில்லை; கொடுத்ததும் வாங்கிக்கொள்ள அம்மாவுடன் தோட்ட அலுவலகத்துக்கு வெளியே நிற்கிறான்.

14. இன்று வெள்ளிக்கிழமை. நாளையும் மறுநாளும் தங்கள் அலுவலகம் மூடியிருக்கும். திங்கட்கிழமை அது திறப்பதற்கு முன்பே தோட்டத்தில் பெரட்டு முடிந்துவிடும்; கையெழுத்தும் விழுந்துவிடும். ஆகவே இம்மனுவைத் தபாலில் சேர்க்காமல் என் கையாலேயே கொண்டுவந்து தருகிறேன். இதற்கு எழுத்தில் பதில் வேண்டாம். தொலைபேசியை எடுத்தாயிற்று என்று ஒரு சொல் சொல்லி அனுப்பினால் எழுந்து போய்விடுவேன். அதுவரை தங்கள் அறைக்கு வெளியே உள்ள வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
வெளியே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ரெ. கலாராணி

இடம்: பதுளை
திகதி: 2025 பெப்ரவரி 14

இணைப்பு: இருவரின் விமானப் பயணச்சீட்டுப் பிரதிகள், சுபாஜினியின் வைத்தியச் சான்றிதழ்ப் பிரதி