துறைமுகத்தில் நீ சொன்ன 'யையா'

அன்புள்ள உனக்கு,

யான் மாயன் என்ற ஆர்க்டிக் தீவின் எரிமலையடியில் கப்பல் நிற்கிறது. பயணிகளுக்குப் பறவை காட்டுவதுதான் என் வேலை. காலையில் கரையில் பஃபின் பறவையைக் காட்டி ஆலா என்று தப்பாகச் சொல்லித் தொலைத்தேன்.

பஃபின் ஜோடிகள் குளிர்காலமெல்லாம் தனித்தனியே கடலில் திரிந்துவிட்டு, வசந்தத்தில் அதே வளைக்குத் திரும்பும் என்றேன்.

"ஒண்ணு வரலைன்னா?" என்றாள் ஹெட்விக் என்ற ஜெர்மன்காரி.

நான் "யையா!" என்றேன். எல்லோரும் எழுந்து படகில் ஏறினார்கள்.

"நேத்து சாப்பாடு முடிஞ்சப்பவும் இதையேதான் சொன்னீங்க. அப்படின்னா என்னங்க?" என்றாள் ஹெட்விக்.

"கிளம்பலாம்னும் சொல்லலாம். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னும் சொல்லலாம்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஐஸ்லாந்துக்காரங்களுக்குத் தெரியும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

எனக்குத்தான் தெரியவில்லை. துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்துக்காரனான நீயும் அதை மட்டும்தான் சொன்னாய். நானும் ஏறிவிட்டேன். திறந்தால், கோடையில் பத்து நாள் பயணத்துக்கு என் குளிர்கால உடுப்பு அத்தனையும் மடித்து வைத்திருக்கிறாய். குளிருமே என்றா? கையுறைகூட மூன்று ஜோடி இருக்கிறது. அக்கறைதான் என்று நினைக்கிறேன், உடனே இல்லை என்றும் தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று சொல். அன்று நீ சொன்னது 'போய் வா'வா, 'போ'வா?

இன்றுவரை உன் மனைவி