பூலாம்பட்டிப் படகில் நடுப்பலகை

ஆற்றைவிட அதிகமாகச் சளசளத்த என் சுகந்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் படகில் மறுபடி ஏறினேன். நீ பக்கத்தில் இல்லாமல் ஏறியது இதுதான் முதல் தடவை. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத பிறகு, அந்தத் துறைப் பக்கமே நான் போகவில்லை.

என் பயம் உனக்குத் தெரியாததா? யாழினி பிறந்த பிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது. பெங்களூர் பொம்மனஹள்ளி வீட்டில் பக்கெட் நிறையத் தண்ணீர் வைக்கமாட்டேன். பள்ளியில் படகுச் சவாரிக்குக் கூட்டிப் போனபோது அவளை மட்டும் அனுப்பவில்லை. “எல்லாரும் போனாங்கம்மா, நான் மட்டும் பேடாவா, வேண்டாமா?” என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டாள். என் பயத்தைச் சோற்றோடு பிசைந்து அவளுக்கும் ஊட்டுகிறேனோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“சும்னே யோசிக்காத. உங்க ஊர்ப் படகுலயே ஏத்து. மூணு வருஷம் நீயே போயிருக்க இல்ல?” என்றார் என் வீட்டுக்காரர்.

போனேன்தான். பூலாம்பட்டியில் ஏறி, அக்கரை நெருஞ்சிப்பேட்டையில் இறங்கி, பவானி பஸ் பிடித்துக் கல்லூரிக்கு. கூடவே பைக்குகள், பால் கேன்கள், நூல் மூட்டைகள். முதல் நாள் துறையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆறு மாதம் மூத்தவள் என்ற கெத்தில் நீ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாய்.

“ஏ புள்ள, படகு என்ன கடிக்கவா போவுது? எனக்கு நீச்சல் தெரியும். நீ விழுந்தீன்னா சடையப் புடிச்சு இழுத்துப் போட்டுருவேன். வெட்டிக்கிட்டு மட்டும் வந்துராத!”

என்னை நடுப்பலகையில் உட்கார வைத்துவிட்டு நீ விளிம்போரம் உட்கார்ந்தாய். மூன்று வருஷமும் அப்படித்தான். நான் இன்றுவரை சடையை வெட்டவில்லை, தெரியுமா?

துறை இப்போது வேறு மாதிரி. ‘குட்டி கேரளா’ என்று ரீல்ஸ் போட்டுப் போட்டு ஒரே கூட்டம். அக்கரைக்குப் போகிறவர்கள் குறைவு. ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே இறங்குகிறவர்கள்தான் அதிகம். எங்கேயும் போகாத படகுக்கு வரிசை! பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் அம்மா துறைக்கு வந்திருந்தார்கள். யாழினிக்குக் கதை சொன்னார்கள். “எங்க காலத்துல பரிசல்தான் கண்ணு. கூடையாட்டம் உருண்டையா இருக்கும். ஆடும் ஆளும் ஒண்ணாக் குந்திக்குவோம். கண்ணாலம் கட்டி நான் அதுலதான் இக்கரைக்கு வந்தேன். அது சுத்துன சுத்துல மாப்பிள்ளை வாந்தி எடுத்துட்டாரு!”

சிரிப்போடு சிரிப்பாக நானும் சொன்னேன்: “சுகந்திக்கு நீச்சல் தெரியுங்கற தைரியத்துலதாம்மா நான் டிகிரியே முடிச்சேன்.”

“ஆரு, சுகந்தியா? நல்லாச் சொன்னே போ! அவளுக்கு ஏது நீச்சல்? வாய்க்கால்ல முழங்கால் தண்ணிக்கே என் சீலையப் புடிச்சுக்குவா.”

யாழினியைக் கூட்டிக்கொண்டு நான் படகுப் பக்கம் நடந்தேன்.

படகில் ஏறியதும் நீ உட்காரும் விளிம்பைத்தான் பார்த்தேன். மூன்று வருஷமும் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தாய்? வாய் ஓயாமல் பேசினாயே, அவ்வளவும் உன் பயத்தை மறைக்கத்தானா? கோபம் வரவில்லை சுகந்தி. என் படிப்பு, பெங்களூர் வேலை, இந்த வீடு, எல்லாமே நீ சொன்ன ஒரு பொய்யில் ஏறி அக்கரை வந்தவை. இதற்கு நன்றி என்று சொன்னால் போதுமா?

யாழினிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி நடுப்பலகையில் உட்கார வைத்தேன். விளிம்போரம் நான் உட்கார்ந்தேன். ஆற்று நடுவில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, நீரு ஜாஸ்தி இருக்கு. உனக்கு ஸ்விம்மிங் வருமா?”

“வரும்” என்றேன். யோசிக்கவே இல்லை. சொன்னது நானா, நீயா?

அவள் என் கையை விட்டுவிட்டு, கரையில் நின்ற உன் அம்மாவுக்கு டாட்டா காட்டினாள்.

ஆனால் உன் அளவுக்குப் பொய்யைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லையடி. இங்கே பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் குளத்து ஓரக் கம்பியைக் கட்டிக்கொண்டே நின்றேன். “கம்பிய விடுங்க மேடம், அது எங்கயும் போவாது” என்றார் சொல்லித்தருகிற பெண்.

விடுவேன். அடுத்த பொங்கலுக்கு உரிமையோடு உன் இடத்தில் உட்காருவேன். அந்த விளிம்பில் நீச்சல் தெரிந்த ஒருத்தி இருப்பாள்; நீ சொன்னதும் நான் சொன்னதும் அப்போது பொய்யாக இருக்காது.

இன்னும் சடை வெட்டாத உன் தங்கச்சி,
யாழினியின் அம்மா